சின்ன டப்பாக் காப்பி

பூசணம் பிடித்த காப்பிக்கொட்டை இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டவள் எங்கள் மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு போவார்கள், ஓட்டுக் கேட்டுப் போவார்கள். நான் கையில் பிளாஸ்டிக் பையோடு பூசணம் கேட்டுப் போனேன். போன வாசலில் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இவ்வளவு படித்தும் இந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற பார்வை அது.

கொடைக்கானலில் அட்டுவம்பட்டிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலை என்று சொன்னால் அம்மா உடனே திருத்துவாள், "படிக்கிறா." முப்பதைத் தாண்டியும் மகள் படிக்கிறாள் என்று சொல்வதில் அவளுக்குப் பெருமை உண்டு. கல்யாணப் பேச்சு எடுப்பவர்களை அந்த ஒரு வார்த்தையில் வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்கிற வசதியும் உண்டு. எங்கள் ஊர் கொடைக்கானலுக்குக் கீழே, மலையின் பாதியில் இருக்கிறது. பண்ணைக்காட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, மாதா கோயில் மேட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் எங்கள் களம் வரும். களத்துக்குப் பின்னால்தான் வீடு. சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. வாந்தி எடுக்க மட்டும் சில கார்கள் நிற்கும்.

காப்பிப் பழத்தைப் பறித்துக் காயப்போடுகிற மாதங்களில்தான் எங்களுக்கு மூடுபனி இறங்கும். காலையில் பரப்பினால் மத்தியானம் மேகம் வந்து களத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மூடினால் உள்ளே புழுங்கும், புழுங்கினால் பூசணம் பூக்கும். அந்தப் பூசணங்களில் சில சும்மா பூத்துவிட்டுப் போவதில்லை. கொட்டைக்குள் ஒரு நஞ்சை இறக்கிவிடும். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. வருஷக்கணக்கில் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அந்தப் பூசணத்தை அடக்க எங்களிடம் ஒரு பாக்டீரியா இருந்தது. அதுவும் காப்பிப் பழத்தின் தோலிலிருந்து எடுத்ததுதான். அதை வெல்லப்பாகு கலந்த நீரில் வளர்த்தால், தன் எல்லைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்று சில பொருள்களைச் சுரந்து அந்த நீரில் விடும். பிறகு பாக்டீரியாவையே வடிகட்டி எடுத்து எறிந்துவிடலாம். மிஞ்சிய நீரில் ஒரு சொட்டு வைத்தாலும் பூசணம் கிட்டே வராது. அந்தப் பொருள்கள் பூசண இழையின் தோலில் ஓட்டை போட்டுவிடுகின்றன. கண்ணாடித் தட்டு முழுக்கப் பூசணம் படர்ந்திருக்க, நாங்கள் சொட்டு வைத்த இடத்தில் மட்டும் சுத்தமாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை முதல் தடவை பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். நீரின் வாடை மட்டும் சகிக்காது. புளித்த மாவை ஈரச் சாக்கில் கட்டி வைத்த வாடை அது. என் துப்பட்டாவிலும் தலைமுடியிலும் அது ஏறி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

சண்டை போட எதிரி வேண்டும் அல்லவா? வெளியூரிலிருந்து வாங்கிய பூசணம் எங்களிடம் இருந்தது. ஆய்வுக்கூடத்திலேயே செல்லமாக வளர்ந்த பூசணம், ஊதினாலே சாகும். எங்கள் மலைக் களங்களில் வளர்கிற முரட்டுப் பூசணம்தான் வேண்டும் என்றார் எங்கள் ஆய்வை நடத்துகிற மேடம். "உங்க ஊருதானே? நீயே கலெக்ட் பண்ணிட்டு வந்துடு," என்றார். எனக்கும் அது சின்ன விஷயமாகத்தான் பட்டது.

முதல் வீட்டு அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "பூசணமா? எங்க வீட்டுலயா? யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. ஆராய்ச்சிக்கு."

"அப்பிடியெல்லாம் நாங்க போட்டு வைக்கிறதில்லம்மா. நாளைக்கு வா, தர்றேன்."

மறுநாள் போனால் ஒரு பை தயாராக இருந்தது. உள்ளே பொறுக்கி எடுத்த கொட்டை, ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் கொட்டைக்கு மேலே நாலு கமலா ஆரஞ்சும் வைத்துக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பொருள் வெளியே போகிறது, படித்தவர்கள் பார்க்கப்போகிறார்கள், அதில் ஒரு கறுப்புக் கொட்டை கிடந்தால் மானம் போய்விடும். கெட்டது வேண்டும் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் அம்மா கொடுத்தது எல்லாவற்றிலும் மோசம், அதாவது எல்லாவற்றிலும் நல்லது. ஒவ்வொரு கொட்டையையும் துணியால் துடைத்திருக்கிறாள்.

ஆய்வுக்கூடத்துத் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. ஏதோ ஒன்றிரண்டு இடத்தில் சாம்பல் நிறத்தில் சோம்பேறிப் பூசணம் எட்டிப் பார்த்தது, அது நஞ்சு செய்கிற ஜாதி இல்லை. மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பூஞ்சைக்குத் தடை போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாரம் தானே வருவதாக மேடம் சொல்லிவிட்டார்.

அவர் வந்த அன்று வீடு இருந்த இருப்பை எழுதினால் சிரிப்பீர்கள். ஜீப் சத்தம் கேட்டதும் அப்பா தோட்டத்திலிருந்து பின்பக்கமாக ஓடிவந்து, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவி, முன்வாசல் வழியாக அப்போதுதான் வருகிறவர்போல வந்தார். அப்பா வீட்டில் சட்டை போடுவது யாராவது வந்தால்தான். அம்மா காப்பி போட்டாள். அந்த மணம் களம் வரைக்கும் வந்தது. வீட்டில் இருந்த ஒரே ஜோடிப் பீங்கான் கப்பில், சாஸர் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்கும் அதே காப்பிதான், டம்ளரில். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"கொடைக்கானல்ல எந்த ஹோட்டல்லயும் நான் இப்படிக் குடிச்சதில்லைம்மா," என்றார்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம தோட்டத்துக் காப்பிங்க. கொட்ட பொறுக்குறதுல நான் ரொம்பப் பாப்பேன்."

"அதான் பிரச்சினை," என்று சிரித்தார் மேடம். "எனக்கு உங்ககிட்ட இருக்கிறதிலேயே மோசமானது வேணும்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "எங்க வீட்டுல அப்பிடி எதுவும் கெடக்காதுங்க."

"எல்லா வீட்டிலயும் இருக்கும்மா. அது தப்பே இல்ல."

"எல்லா வீட்டுலயும் கெடக்கலாங்க. எங்க வீட்டுல இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. "அம்மா, ஒன் கௌரவத்தைக் கொஞ்ச நேரம் அடுப்படியில வச்சிட்டு வர்றியா? அவங்க வேலையா வந்திருக்காங்க," என்றேன். மேடம் முன்னால் சொன்னேன், அப்பா முன்னால் சொன்னேன். மேடமே எழுந்து களத்துக்குப் போனார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, அடியில் கையை விட்டு, கட்டி தட்டிப்போன ஒரு கைப்பிடிப் பழத்தை எடுத்தார். பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்திருந்தது. "அருமை! அருமை!" என்றார். பூக்கடையில் நல்ல மல்லிகையைக் கண்டவர்போல அதை மூக்குக்குப் பக்கத்தில் வேறு கொண்டுபோனார். திரும்பிப் பார்த்தேன், அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள். ஜீப் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை. நானும் போய்ச் சொல்லிக்கொள்ளாமலே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை சொன்னாலும் புரியாத ஜனம் என்று மேடத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தும் வைத்தேன். பெருமாள்மலை தாண்டுவதற்குள் அந்த வெட்கம் என் பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் போனில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "அந்தம்மா நம்மளப் பத்தி என்னடி நெனச்சிருப்பாக?" ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் அந்தக் கைப்பிடிப் பழம் எங்கள் ஆய்வை நிமிர்த்திவிட்டது. நாங்கள் தேடிய பூசணம் அதில் இருந்தது, நல்ல முரடு. அதன் நடுவே எங்கள் நீரைச் சொட்டு வைத்தோம். சுத்தமாக வட்டம் விழுந்தது. அடுத்த அறுவடையில் ஊர்க் களங்களிலேயே தெளித்துப் பார்த்தோம். பழத்தைப் பரப்பியதும், மேகம் இறங்குவதற்கு முன்னால், முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு நானே களம் களமாக அடித்தேன். வாடை தாங்காமல் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின. ஊரில் அதற்குப் 'பாப்பா மருந்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாப்பா நான்தான்.

காய்ந்த கொட்டையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தோம். அதற்கு ஒரு பட்டை இருக்கிறது. மருந்துக்கடையில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குகிற கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியேதான் இருக்கும். கொட்டையை அரைத்து, ஊறவைத்து, வடித்த நீரில் சில சொட்டு விட்டால் கோடு விழும். அர்த்தம் மட்டும் தலைகீழ். இரண்டு கோடு விழுந்தால் நஞ்சு இல்லை. ஒரு கோடுதான் என்றால் நஞ்சு இருக்கிறது. மருந்து அடித்த எங்கள் களத்துக் கொட்டை அத்தனையிலும் இரண்டு கோடு. மேடம் கேக் வாங்கிவரச் சொன்னார். கொட்டை எடுக்க வந்த வியாபாரி இந்தத் தடவை எதையும் கழிக்காமல் எடுத்துக்கொண்டார் என்று அம்மா போனில் சொன்னாள். அவள் குரலில் பழைய வருத்தம் தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நான் போன கூட்டங்களில் எல்லாம் எங்கள் களத்தின் படத்தைத் திரையில் காட்டுவேன். ஓரத்தில் அம்மா விளக்குமாற்றோடு நிற்பாள். "இதைக் குடிக்கப்போகிறவர்களின் உடல்நலம்தான் எங்கள் நோக்கம்," என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குக் கால் வீங்கியது. வத்தலக்குண்டில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, கிட்னி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார். ரொம்ப நாளாகக் கவனிக்காமல் விட்ட பிரஷர்தான் காரணமாக இருக்கும், உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது, இனிமேலாவது பார்த்துக்கொண்டால் இப்படியே ஓட்டிவிடலாம் என்றார். "பழைய வண்டி, மெதுவா ஓட்டிக்கிறேன்," என்று அப்பா சிரித்தார். கிட்னிக்கு ஆகாத நஞ்சைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்தப் பொறியும் தட்டவில்லை. எங்கள் வீட்டுக் காப்பியை எனக்குத் தெரியாதா? விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நானும் அதைத்தானே குடிக்கிறேன்?

அதற்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வேறொரு ஊரில் கொட்டை சோதிக்க வேண்டியிருந்ததால் பட்டைகளும் அதற்கான புட்டிகளும் என் பையில் இருந்தன. அம்மா வெள்ளனே எழுந்து மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்விட்டாள். அப்பா பின்வாசலில் உட்கார்ந்து செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அப்பாவுக்கு நான் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து அந்த அடுப்பில் நான் காப்பி போட்டதே இல்லை. நான் வந்தால் அம்மா உட்காரவைத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

அலமாரியில் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று சின்ன பிஸ்கட் டப்பா, மூடி இறுக்கமானது. இன்னொன்று பெரிய டின். பெரியதைத் திறந்தேன். கருகிய வாசனை, சுக்கு, மல்லி வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாடை. அந்த ஈரச் சாக்கு வாடை. வருஷக்கணக்கில் மோந்து மோந்து எனக்கு அது பழகிப்போனது. இது நம் மருந்தின் வாடையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தண்ணீர் மொள்ள உள்ளே வந்த அப்பா, "அது ஒனக்கில்ல, புள்ள. ஒன் கோப்பி சின்ன டப்பாவுல," என்றார். அப்பா சின்ன வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். காப்பியை இன்னமும் கோப்பி என்றுதான் சொல்வார்.

"அப்ப இது யாருக்கு?"

"எங்களுக்கு."

"ஏம்ப்பா ரெண்டு?"

"என்னமோ புதுசாக் கேக்குற." அவருக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "நல்லது விக்க. அதுல ஒரு கை, வர்றவுகளுக்கு. வியாபாரி கழிச்சது, தண்ணியில மெதக்குறது, களத்தோரம் கூட்டி அள்ளுனது, அது நமக்கு. கருக்கா வறுத்து சுக்கு மல்லி போட்டா என்ன தெரியப்போவுது?" சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "அங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுலயும் இப்பிடித்தான். கொழுந்து பறிச்சது எங்கம்மா. நல்ல தேயில கப்பலேறிரும். கூட்டுன தூசியில எங்களுக்குத் தேத்தண்ணி. யாரும் செத்துப்போயிரல." அதில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்று சொல்கிற குரல். தோட்டத்தில் சோலி கிடக்கிறது என்று போய்விட்டார்.

வர்றவுகளுக்கு. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் வீட்டில் நான் எப்போதிலிருந்து வர்றவளானேன்? நான் குடித்த காப்பியும் மேடம் குடித்த காப்பியும் ஒரே டப்பா. கப்பும் டம்ளரும்தான் வேறு.

டின்னுக்குக் கீழே சாக்கில் வறுக்காத கொட்டை இருந்தது. கறுத்தது, சுருங்கியது, மண் ஒட்டியது. வழக்கமாகச் செய்கிறபடியே செய்தேன். மிக்ஸியில் அரைத்து, புட்டியில் ஊற்றிக் குலுக்கி, வடிகட்டி, பட்டையில் சொட்டு விட்டேன். அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கோடு வந்தது. இன்னொன்று வரும் என்று நின்றேன். வரவில்லை. சாக்கில் வேறு இடத்திலிருந்து இன்னொரு பிடி எடுத்து மறுபடியும் செய்தேன். மறுபடியும் ஒரு கோடுதான். அப்பாவின் கிட்னிக்கு இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, இப்போதும் இல்லை. டாக்டர் பிரஷர் என்கிறார், அப்படியே இருக்கட்டும். ஆனால் தளர்ந்த கிட்னியோடு ஒருவர் தினமும் காலையும் மாலையும் இதைக் குடிக்கிறார்.

முந்தானையால் போட்ட முக்காட்டை எடுத்துக்கொண்டே அம்மா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், மேடையில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கல்யாணமாகிப் போன என் அக்கா குழந்தைக்காகக் காத்திருந்த காலத்தில் அப்படிப்பட்ட பட்டைகளை எத்தனையோ தடவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் அவள். இரண்டாவது கோடு வராதா என்று அக்காவோடு சேர்ந்து அழுதவள். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே, ஒரு கோடுதான். ஒண்ணுதான்."

"அம்மா..."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்டி. யாரு என்னன்னு எதுவும் கேக்க மாட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலேல்ல, அது போதும். ஒங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. என்னைப் பற்றி இப்படி நினைத்துவிட்டாளே என்று ஒரு பக்கம் கோபம். அப்படி நினைத்தும் திட்டாமல் கையைப் பிடித்துக்கொண்டாளே என்று இன்னொரு பக்கம் கூச்சம். அன்றைக்கு இவளைத்தான் மேடம் முன்னால் அடுப்படியில் கௌரவத்தை வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

"அது எனக்கு இல்லம்மா," என்றேன். "அந்தப் பெரிய டின்னுக்கு. அப்பா குடிக்கிற காப்பிக்கு."

புரியவில்லை. பட்டையை மறுபடியும் பார்த்தாள்.

"இதுல ஒரு கோடுன்னா நல்லதில்லம்மா. கொட்டையில நஞ்சு இருக்கு. அப்பாவுக்குக் கிட்னி சரியில்லல்ல, அதுக்கு இது ஆகவே ஆகாது."

சிலுவை போட்ட கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. "மருந்து அடிச்சோம்லடி?" என்றாள். "நீதான வந்து அடிச்ச. எல்லாம் சுத்தமாயிருச்சுன்னு நீதான சொன்ன."

"அடிச்ச கொட்டை எங்க?"

"வித்தாச்சு. சுத்தமான சரக்க எவளாவது வீட்டுல வச்சுக் குடிப்பாளா? ஒரு படி மட்டும் ஒனக்குன்னு எடுத்து வச்சேன்." அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். "முன்னயாச்சும் வியாபாரி கழிக்கிறதுல பாதி சுமாரா இருக்கும். அது நமக்கு நிக்கும். இப்ப எதையும் கழிக்கிறதில்ல, எல்லாத்தையும் எடுத்துக்கிறாக. களத்தோரம் ஈரத்துல கெடக்குறதக் கூட்டி அள்ளுனாத்தான் வீட்டுக்கு."

நான் கண்டுபிடித்த மருந்து என் அப்பாவின் டம்ளருக்கு என்ன செய்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல கொட்டையை இன்னும் நல்லதாக்கினேன். அது இன்னும் தூரம் போய்விட்டது. வீட்டில் தங்கியது முன்னைவிட மோசமானது. களத்தின் ஓரம் வரைக்கும் நான் ஒருநாளும் ஸ்பிரேயரைக் கொண்டுபோனதில்லை. அங்கே இருப்பது குப்பை என்று நினைத்தேன். அந்தக் குப்பையைக் கூட்டத்தான் என் படத்தில் அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறாள். அத்தனை கூட்டத்தில் அதைக் காட்டியிருக்கிறேன். அவள் கையில் ஏன் விளக்குமாறு என்று எனக்கும் தோன்றவில்லை, கைதட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

பிறகு மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால், "வீட்டுக்கு வெச்சுக்கிறது நம்ம ஸ்டடியில வரலையேம்மா," என்றார். அது பொய்யில்லை. வரவில்லைதான். இப்போது நான் களத்துக்குப் போனால் முதலில் ஓரத்தில்தான் அடிக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். கழிசலுக்குப் போய் மருந்தா என்கிறார்கள். எதற்கு என்று விளக்கிச் சொன்னால், தங்கள் வீட்டில் அப்படி எதையும் குடிப்பதில்லை என்று எல்லா வீட்டிலும் அடித்துச் சொல்கிறார்கள். பூசணம் கேட்டுப் போன நாளில் பார்த்த அதே முகங்கள். நானும் வற்புறுத்துவதில்லை. என் வீட்டிலும் இரண்டு டப்பா இருந்தது என்பதை நானும் அவர்களிடம் சொல்வதில்லையே.

அந்தக் காலையில் அம்மா ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "என் கையாலதான குடுத்தேன்," என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அவளும் அதே டின்னிலிருந்துதான் குடித்திருக்கிறாள் என்பது அவள் நினைவுக்கே வரவில்லை, நான்தான் சொன்னேன். அதைக் காதில் வாங்காமல் எழுந்து பெரிய டின்னைப் பின்பக்கம் கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்தாள். சாக்கையும் இழுத்துக்கொண்டு போனாள். கை கழுவிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சின்ன டப்பாவின் மூடி இறுகியிருந்தது, இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். அப்பாவுக்கு என்று அதிலிருந்து பொடி எடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொடி மேடையில் சிந்தியது. அதைக் கூட்டி அள்ளப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிகாக்ஷன் இறங்கியதும் மணம் வீடு முழுக்க எழுந்து, பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கும் போயிருக்க வேண்டும். யாரோ அவசரமாக வருகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் தண்ணீரில் காலைக் கழுவுகிற சத்தம், கொடியிலிருந்து துணியை உருவுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அப்பா முன்வாசல் வழியாக வந்தார். வெள்ளைச் சட்டை, ஈரக்கையால் படிய வாரிய தலை, கழுத்துவரை பூட்டிய பட்டன். வீங்கிய காலை மெதுவாக எடுத்து வைத்து, அறைக்குள் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார்.

"யாரு வந்துருக்காக?" என்று கேட்டார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யாரும் வரலப்பா, இது உங்களுக்குத்தான்," என்று நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றாமலே அந்தக் காப்பியைக் குடித்தார்.